எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோர் நெக்கின் அளவையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்காகத் தங்கள் வார இணைப்பில் வெளியான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பின் வகைகளையும், ஆம்ப்ளிஃபயரின் அவசியத்தையும், எந்த விலைக்கு எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் அது தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் வாசிப்பவரின் கை எந்நேரமும் பற்றியிருக்கிற நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிக்கப்பின் ஒலி பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். சுருதிச் சாவிகள் தளர்ந்துபோனால் மாற்றலாம். தந்திகளை எப்படியும் அவ்வப்போது மாற்றத்தான் போகிறோம். நெக்கின் பருமனையும் வடிவத்தையும் மட்டும் வாங்கிய பிறகு அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. கிட்டார் கற்பித்து வருபவன் என்ற முறையில் விட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நெக்கைக் குறுக்காக வெட்டினால் அதன் பின்புறம் எந்த ஆங்கில எழுத்தின் வடிவில் தெரியுமோ, அதைக் கொண்டு சி, டி, யு, வி என்று தயாரிப்பாளர்கள் பெயரிடுகிறார்கள். கடைகளில் நெக்கைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் ஒரே பதில் பெரும்பாலும் இந்த எழுத்துதான். எழுத்து வடிவத்தைச் சொல்லுமே தவிர, பருமனைச் சொல்லாது. ஃபெண்டர் நிறுவனத்தின் இக்கால சி வடிவ நெக், முதல் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டைப் போல நெக்கின் முன்புறம் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுமார் 21 மில்லிமீட்டரும் 12-ஆவது ஃப்ரெட்டில் சுமார் 23 மில்லிமீட்டரும் பருமன் கொண்டது. 1950-களின் பாணியில் கிப்சன் நிறுவனம் செய்யும் லெஸ் பால் என்னும் கிட்டாரின் நெக்குகள் 12-ஆவது ஃப்ரெட்டை நெருங்கும்போது 25 மில்லிமீட்டரை எட்டிவிடும். ஐபனெஸ் நிறுவனத்தின் விசார்ட் 3 என்னும் நெக்கோ அதே இடங்களில் 19, 21 மில்லிமீட்டர்தான். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தோன்றினாலும், அரை மணி நேரம் பார் கார்டு (ஒரு விரலால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தி, பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் பிடி) பிடித்து வாசித்தவருக்கு அது எவ்வளவு பெரியது என்பது தெரியும். போதாக்குறைக்கு, ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியிலும் காலத்துக்குக் காலம் நெக் மாறியிருக்கிறது: 1950-களின் தொடக்கத்தில் பருமனாக இருந்த ஃபெண்டர் நெக்குகள், அந்தப் பத்தாண்டின் நடுவில் வி வடிவத்துக்குப் போய், இறுதியில் மெலிந்தன. இன்றைய மறுபதிப்புக் கிட்டார்களில் குறிப்பிடப்படும் ஆண்டை வெறும் அலங்காரமாக எண்ணாமல், நெக்கின் பருமனுக்கான துப்பாகவே கொள்ள வேண்டும்.

கை சிறியதென்றால் மெல்லிய நெக்தான் பொருந்தும் என்று கடைக்காரர்களும் பெற்றோர்களும் ஒருசேரச் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மிக மெல்லிய, பின்புறம் தட்டையான நெக்கைப் பற்றும்போது கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலான தூரம் குறைந்துபோவதால், கை இடுக்கியைப் போல் நெருக்கிப் பிடிக்க நேர்கிறது. உள்ளங்கைக்கு ஊன்றுகோலாக எதுவும் கிடைக்காமல், கட்டைவிரலின் அடித்தசையே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. நீண்ட விரல்கள் உள்ள சிலருக்கு வலி வருவதும், குட்டை விரல்காரர்கள் பருமனான நெக்கில் நிம்மதியாக வாசிப்பதும் இதனால்தான். முடிவு செய்ய வேண்டியது கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து. கட்டைவிரலை நெக்கின் பின்புற நடுவில் ஊன்றி, விரல்களை விரித்து வேகமாக வாசிப்பவருக்கு டி வடிவம் இசைவாக இருக்கும். ப்ளூஸ் என்னும் அமெரிக்க இசை வகையை வாசிப்பவர்களில் பலர் கட்டைவிரலை மேல் விளிம்பின்மீது வளைத்துப் போட்டு, மணிக்கட்டைத் திருப்பித் தந்தியை வளைப்பார்கள். அவர்களுக்கு உருண்டையான சி அல்லது முனை மழுங்கிய வி உள்ளங்கையில் சரியாக உட்காரும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயரில் ஃபெண்டர் 1988-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிட்டாருக்கு வி வடிவ நெக் அமைந்தது தற்செயல் அன்று.

விரல் எட்டவில்லை என்பது பருமனோடு தொடர்பில்லாத வேறொரு பிரச்சினை. அது தந்தியின் அதிர்வு நீளத்தைப் பொறுத்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இந்த நீளம் 648 மில்லிமீட்டர். லெஸ் பாலில் சுமார் 628. மாணவர்களுக்காக 1964-இல் ஃபெண்டர் அறிமுகப்படுத்திய மஸ்டாங்கில் 610. கணக்கிட்டுப் பார்த்தால், முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை சுண்டுவிரல் எட்ட வேண்டிய தூரம் முறையே 97, 94, 92 மில்லிமீட்டர் என்று வருகிறது. பத்து வயதுக் குழந்தைக்கு மெல்லிய நெக்கைத் தேடி அலைவதைவிட, நீளம் குறைந்த கிட்டாரை வாங்கித் தருவது நல்லது. அதில் தந்தியின் இழுவிசையும் குறையும் என்பதால் விரல்நுனிக்கும் இதமாக இருக்கும்.

நம் ஊர் மாணவர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கிட்டார் பிரசன்னா போன்றோரின் கச்சேரிகளைக் கேட்டு, எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை நெக்கின் பின்புறத்தைவிட முன்புறம், அதாவது ஃப்ரெட்போர்டின் வளைவே முக்கியம். ஃபெண்டரின் பழைய பாணிக் கிட்டார்களில் ஃப்ரெட்போர்டு 184 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக, நன்றாக வளைந்திருக்கும். கிப்சனில் அந்த ஆரம் 305. ஐபனெஸ் ஆர்ஜி வகையில் 400 அல்லது அதற்கும் மேல், கிட்டத்தட்டத் தட்டை. வளைந்த பலகை கார்டு பிடிக்கச் சுகமானது. ஆனால், தோடியின் காந்தாரத்தை அசைக்க முதல் தந்தியை நடுவை நோக்கி இழுக்கும்போது, அது பலகையின் உயர்ந்த நடுப்பகுதிக்கு ஏறி, மேலே உள்ள ஃப்ரெட்டுகளில் உரசி, சுரம் பாதியிலேயே செத்துவிடும். தந்திகளை உயர்த்திக் கட்டினால் தப்பலாம். ஆனால், அப்போது அழுத்துவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். வீணையில் தந்தி மெழுகுச் சட்டத்துக்கு வெகு உயரத்தில் மெட்டுகளின்மேல் நிற்பதால் விரல் அடிப்பலகையைத் தொடுவதே இல்லை. ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டார்களும் இதே வசதியைத்தான் தருகின்றன. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் சக்தி என்னும் இசைக்குழுவில் வாசித்த அகூஸ்டிக் கிட்டார் அப்படிக் குடையப்பட்டதுதான். தொடக்க மாணவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 305 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

நெக் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவரப்படும் கிட்டார்கள் பலவற்றில் குற்றம் நெக்கில் இருப்பதில்லை. தலைப்பகுதியில் தந்திகள் தங்கும் நட் என்னும் சிறு துண்டின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருப்பதே காரணம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டைப் பிடியுங்கள். அதே விரலமைப்பை ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி ஏ கார்டாகப் பிடியுங்கள். முதலாவது கையைக் கொன்று, இரண்டாவது சுலபமாக விழுந்தால், பெரும்பாலும் நட்தான் குற்றவாளி. இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின்மேல் பார்த்தால், மயிரிழை அளவே இடைவெளி தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால், விவரம் தெரிந்த ஒருவர் அரம் கொண்டு சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். இது தெரியாமல் நல்ல கிட்டாரைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, மறுபடியும் அதே குறையுள்ள இன்னொன்றை வாங்குபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நெக்கின் பூச்சும் சென்னை போன்ற கடலோர ஊர்களில் கவனிக்கத்தக்கது. பளபளக்கும் பூச்சு வியர்வையில் ஒட்டும். மங்கலான பூச்சில் கை வழுக்கிக்கொண்டு போகும். பளபளப்பைப் பின்புறத்தில் மட்டும் மிக நைசான எஃகுக் கம்பளியால் தேய்த்து மட்டுப்படுத்துவோரும் உண்டு. அப்படிச் செய்வதானால் பிக்கப்புகளை முதலில் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இரும்புத் தூள் முழுவதும் காந்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவையும் கடையில் சரிபார்க்க இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தைத்தான் பல கடைகள் தர மறுக்கின்றன. கிட்டார்கள் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகின்றன. கேட்டால் எடுத்துக் கொடுத்து, இரண்டு கார்டு வாசிப்பதற்குள் கையை நீட்டுகிறார்கள். வாங்குபவரும் தயங்கக் கூடாது. உட்கார்ந்து வாசித்த பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு நின்றும் வாசித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் சில கிட்டார்களின் தலைப்பக்கம் கனத்துக் கீழே சாய்வதால், வாசிக்க வேண்டிய கையே நெக்கைத் தூக்கிப் பிடிக்க நேரும். இணைய விற்பனையில் நிலைமை இன்னும் மோசம். ஐபனெஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் மாதிரிகளுக்கு நெக்கின் அகலம், முதல் ஃப்ரெட்டிலும் 12-ஆவது ஃப்ரெட்டிலும் பருமன், ஃப்ரெட்போர்டின் ஆரம் ஆகிய அனைத்தையும் மில்லிமீட்டரில் வெளியிட்டும்கூட, நம் விற்பனைப் பக்கங்கள் பலவற்றில் நிறமும் மரத்தின் பெயரும் மட்டுமே மிஞ்சுகின்றன.

ஆகவே, தங்கள் இணைப்பில் அடுத்த முறை கிட்டார்களைப் பரிந்துரைக்கும்போது, விலைக்கு அருகிலேயே தந்தியின் நீளம், நட்டின் அகலம், இரண்டு இடங்களில் நெக்கின் பருமன், ஃப்ரெட்போர்டின் ஆரம் ஆகியவற்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விற்பனையாளர் அந்த அளவுகளைத் தர மறுத்தால், அந்த விவரத்தையும் சேர்த்தே வெளியிடலாம்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
சென்னை