அப்பாவுக்கு, ஈரானின் யஸ்த் நகரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் இன்னும் விடவில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவில், கூட வேலை பார்ப்பவன் கெர்மான் ரோட்டில் 60 கிலோமீட்டர் கூட்டிப்போனான். ஒட்டகக் கூட்டத்துக்கு அது இரண்டு நாள் நடை. நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். பொட்டல் நடுவே மண் நிறத்தில் வட்டமாக ஒரு கோட்டை. கிட்டப் போனால்தான் தெரிகிறது, சத்திரம்! ஜைனுதீன் காரவான்சராய். ஷா அப்பாஸ் என்ற ஈரானிய ராஜா காலத்தில் வியாபாரிகள் தங்கக் கட்டியது, 400 வருஷம் இருக்கும். இந்த நாட்டுச் சத்திரங்கள் பெரும்பாலும் சதுரம், வட்டம் அபூர்வம்.

கிணறு கட்டும்போது நடுவில் முளை அடித்துக் கயிறு பிடித்துச் சுற்றுவீர்களே, வெளிச்சுவர் அப்படித்தான் இருக்கிறது. உள்முற்றமோ பன்னிரண்டு பட்டை. இரண்டு தடவை எண்ணினேன். அதே கயிற்றை வட்டத்தில் ஆறு தடவை வைத்துக் குறித்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் வந்துவிடும் என்று நீங்கள் சொல்லித் தந்ததுதான் ஞாபகம் வந்தது.

வாசல் ஒன்றே ஒன்று. சுமையோடு ஒட்டகம் நுழையும் உயரம். ராத்திரி சாத்திவிட்டால் கொள்ளைக்காரன் பயமில்லை. உள்ளே சுற்றிவரும் நடையின் ஓரமெல்லாம் உயரமான திண்ணைகள், ஆட்கள் படுக்க.

மேலே பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. செங்கல் குவிமாடங்கள், உச்சியில் வெளிச்சத்துக்கு ஓட்டை. பாலைவனத்தில் மரம் ஏது? பழைய கொத்தனார்கள் தாங்கிப் பிடிக்கும் சென்டரிங் பலகை இல்லாமலே மாடம் எழுப்புவார்களாம். ஜிப்சம் சாந்து சட்டென்று இறுகிவிடும்; செங்கல்லை வைத்துக் கையை எடுத்தால் அப்படியே நிற்கும். மண்ணில் வைக்கோல் குழைத்துப் பூசுவதற்குப் பெயர் காகெல். பாரசீகத்தில் ‘கா’ வைக்கோல், ‘கெல்’ மண். பெயரிலேயே கலவை!

2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 54 ஈரானியச் சத்திரங்களில் இதுவும் ஒன்று. இப்போது ஓட்டல். அதே திண்ணைகளில் திரை போட்டுப் படுக்க வைக்கிறார்கள். வாடகையைக் கேட்டதும் டீயோடு நிறுத்திக்கொண்டேன்.

போட்டோ வைத்திருக்கிறேன். மாடம் சுவரில் உட்காரும் மூலையைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். அந்தக் கற்களை வெட்டினார்களா, தேய்த்தார்களா? பார்த்து எழுதுங்கள். பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்.

உங்கள் மகன்