வானதிக்கு: உனக்கு அமர்த்தியிருக்கும் பயிற்றுநரைப் பற்றி

மதுரை

அன்பு மகள் வானதிக்கு,

அம்மா எழுதுகிறேன். குழுத் தலைவியாகப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே நிறுவனம் உனக்கென்று தனியாக, தலைமைப் பொறுப்புக்குப் பழக்கும் பயிற்றுநர் ஒருவரை ஆறு மாதங்களுக்கு அமர்த்தியிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். "என்னிடம் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் போலிருக்கிறது" என்று நீ சேர்த்துக்கொண்டபோது உன் குரல் கம்மியதைக் கவனித்தேன். அப்பாவும் அருகில் இருந்ததால் அப்போது அதிகம் பேசவில்லை. அந்த வாய்ப்பை நீ தட்டிக் கழித்துவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். அதற்கான காரணங்களை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு வந்த மனத்தாங்கல் புதிதல்ல. 2001ஆம் ஆண்டில் கூகுளின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற எரிக் ஷ்மிட்டிடம், இயக்குநர் குழுவில் இருந்த ஜான் டோர், பயிற்றுநர் ஒருவரை வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். இத்தனை அனுபவமுள்ள எனக்கு எதற்குப் பயிற்றுநர், என்னிடம் ஏதேனும் கோளாறா என்றுதான் ஷ்மிட்டும் முதலில் நினைத்தார். அவருக்கு வாய்த்தவர் பில் காம்ப்பெல். 1970களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்துவிட்டுப் பிறகு தொழில்துறைக்கு வந்து, இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்தை நடத்தியவர். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஆலோசகராக இருந்தவர். தனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே சிறந்தது எது என்று பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, பயிற்றுநர் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த யோசனையைத்தான் ஷ்மிட் குறிப்பிட்டார்.

என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்திருப்பது அறுவை அரங்கிலிருந்து வந்த ஓர் அனுபவம். பாஸ்டனில் அறுவை மருத்துவராக இருந்த அதுல் கவாண்டே, தன் திறமை ஒரு கட்டத்துக்கு மேல் வளராமல் நின்றுவிட்டதாக உணர்ந்து, தனக்கு முன்பு கற்றுக்கொடுத்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற மருத்துவரை அழைத்துத் தன் அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சொன்னார். 2011இல் அதைப் பற்றி எழுதவும் செய்தார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் ஆஸ்டீனின் குறிப்பேட்டில் பக்கம் நிறையக் குறிப்புகள் இருந்தன. நோயாளியின் மேல் துணி விரித்திருந்த விதம் கவாண்டேயின் பார்வைக்கு வசதியாக இருந்தது. எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சலாக இருந்தது. சில சமயங்களில் அவருடைய முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே இருந்த விளக்கு காயத்தை விட்டு நகர்ந்துவிட்டிருந்தது. ஏறக்குறைய அரை மணி நேரம், சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்திலேயே அவர் வேலை செய்திருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

விளக்கு நகர்ந்த செய்தியைப் படித்தபோது எனக்குச் சற்றும் வியப்பாக இல்லை. அரங்கச் செவிலியாக வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். விளக்கு விலகியிருப்பது அருகில் நிற்பவர்களின் கண்ணில்தான் முதலில் படும். ஆனால் தலைமை மருத்துவர் கேட்காமல் அதை யாரும் சொல்லும் வழக்கம் பல அரங்குகளில் இருப்பதில்லை. பொறுப்பு உயர உயர, உள்ளதை உள்ளபடி நம்மிடம் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நீ பொறியாளராக மட்டும் இருந்தவரை, உன் தவற்றை உன் மேலாளர் சொன்னார், பக்கத்து இருக்கைத் தோழி சொன்னாள். இப்போது உன் கீழே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறவள் நீ. உன் பேச்சு நீளமாக இருக்கிறது என்றோ, உன் முகம் சுருங்கியதும் தாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம் என்றோ அவர்களில் யார் உன்னிடம் சொல்வார்கள்? உன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத, உன்னைக் கண்டு அஞ்சவும் வேண்டாத ஒருவர் அந்த இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை எண்ணிப் பார்.

அந்தப் பயிற்றுநர் உன் ஆங்கிலத்தைத் திருத்த வருகிறவர் அல்லர். தமிழ் வழியில் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போன நாளிலிருந்து அந்த அச்சம் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். உச்சரிப்புக்கும் தலைமைக்கும் தொடர்பே இல்லை. அவர் கவனிக்கப்போவது வேறு. செய்தியைச் சொல்வதற்கு முன் அதன் பின்னணியை ஐந்து நிமிடம் விவரிப்பது உன் பழக்கம். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போனால் மேலதிகாரிகள் கூர்ந்து கேட்பார்கள். கேள்வி கேட்டுவிட்டு, எதிராளி மூச்சு விடுவதற்குள் நீயே பதிலையும் சொல்லிவிடுகிறாய். "புரிந்ததா?" என்று முடிக்கிறாய், அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யாரும் "இல்லை" என்று சொன்னதில்லை. "முதலில் எதிலிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேட்டுப் பார்; புரிந்ததும் புரியாததும் அந்த ஒரு பதிலில் வெளிவந்துவிடும். இவையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் எல்லோருக்கும் தெரிந்தவையாகவே தோன்றும். உன்னுடைய கூட்டத்தின் பதிவை உன்னையே பார்க்கவைத்து, எங்கே குறுக்கிட்டாய், எங்கே பேசவிட்டாய் என்று ஒருவர் நிறுத்தி நிறுத்திக் காட்டும்போதுதான் பழக்கம் அசையும்.

உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் உன் குழுவில் இருக்கிறார் என்றும், அவர் அறிக்கையைத் தாமதமாகத் தரும்போதெல்லாம் கேட்க முடியாமல் நீயே இரவில் உட்கார்ந்து முடித்துக்கொடுக்கிறாய் என்றும் சொல்லியிருக்கிறாய். மூத்தவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்தவர்கள் நாங்கள்தாம். அந்த மரியாதையை நீ கைவிட வேண்டாம். ஆனால் மரியாதையாகக் கேட்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள படைப்புத் தலைமைத்துவ மையம் பரப்பிய முறை ஒன்றைப் பயிற்றுநர்கள் பலரும் கையாள்கிறார்கள்: எந்தச் சூழலில், என்ன நடந்தது, அதனால் என்ன விளைந்தது என்ற மூன்றை மட்டும் சொல்வது, ஆளின் குணத்தைத் தொடாமல் விடுவது. "சார், வியாழக்கிழமை வர வேண்டிய அறிக்கை வெள்ளி மதியம்தான் வந்தது. வாடிக்கையாளரிடம் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த முறை வியாழன் மாலைக்குள் கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும்?" இதில் அவரைச் சோம்பேறி என்றோ பொறுப்பற்றவர் என்றோ நீ சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது எதுவும் விடுபடவும் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களைப் பயிற்றுநர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த மூத்தவரிடம் போ. மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதும் வாய்விட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. முதல் முறை சொல்லும்போது நாக்கு எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பெரும்பாலான பயிற்றுநர்கள் விடையைத் தரமாட்டார்கள், கேள்விதான் கேட்பார்கள். இது உனக்குத் தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கலாம். டிம் கால்வே என்ற டென்னிஸ் பயிற்றுநர், ஆட்டக்காரருக்கு ஓயாமல் கட்டளையிடுவதைக் காட்டிலும் பந்தைக் கவனிக்கவைத்தால் உடல் தானாகவே திருத்திக்கொள்கிறது என்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்த அணுகுமுறையைப் பிரிட்டனின் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது செய்யப்போகிறாய் என்ற வரிசையில் கேட்கும் 'க்ரோ' முறை அப்படித்தான் பரவியது. வழியை நீயே கண்டுபிடித்தால் அதில் நடப்பாய் என்பதுதான் அதன் அடிப்படை.

இதே கேள்விகளை நீ உன் குழுவினரிடம் கேட்கத் தொடங்கும்போதுதான் பயிற்சி பலன் தருகிறது என்பேன். கூகுள் 2008இல் தன் மேலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிறந்த மேலாளர்களிடம் காணப்பட்ட எட்டு இயல்புகளில் முதலிடத்தில் இருந்தது, தன் குழுவினருக்கு நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு கடைசியாகத்தான் வந்தது. நீ இரவெல்லாம் விழித்துப் பிறர் வேலையைச் செய்து கொடுப்பது நல்ல பொறியாளரின் குணமாக இருக்கலாம், தலைமை அதுவல்ல.

எங்கள் அரங்கில் வயிற்றை மூடுவதற்கு முன், இரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணியான மாப் எதுவும் உள்ளே தங்கிவிடாதபடி எண்ணுவோம். கருவி கொடுக்கும் செவிலியும் வெளியே நிற்கும் செவிலியும் ஒவ்வொன்றாக, உரக்க, சேர்ந்து எண்ண வேண்டும். "கவுண்ட் சரி" என்ற சொல் வரும்வரை எவ்வளவு பெரிய மருத்துவரும் ஊசியை எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணும் அந்த இடத்தில் தலைமை மருத்துவரை நிறுத்தலாம். அவளுக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பேசுவதையே அவளுடைய கடமையாக ஆக்கிவிட்ட ஏற்பாடு அது. உன் குழுவிலும் அப்படி ஒன்று வேண்டும். கூட்டம் முடியும் முன் இளையவர் ஒருவர், இந்தத் திட்டத்தில் எது தவறாகப் போகலாம் என்று சொல்லியே ஆக வேண்டும் என வைத்துப் பார். பயிற்றுநரிடம் இதைப் பற்றிப் பேசு. உன் அலுவலகத்துக்கு ஏற்றபடி எப்படிச் செய்யலாம் என்று அவர் யோசிக்கவைப்பார்.

எல்லாவற்றையும் அவரால் சரிசெய்ய முடியாது. ஆள் பற்றாக்குறைக்கும், நிறைவேற்ற முடியாத கெடுவுக்கும் உன் பேச்சுத்திறன் மருந்தாகாது. அவற்றை உன் மேலதிகாரியிடம்தான் வைக்க வேண்டும். மனம் உண்மையிலேயே சோர்ந்திருந்தால் அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும், பயிற்றுநர் அல்ல. ஆண்களைப் போல அதட்டிப் பேசு என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையை மட்டும் விட்டுவிடு.

அவருடைய தகுதியையும் கேட்டுத் தெரிந்துகொள். நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டில் கோச் என்று அச்சடித்துக்கொள்ளலாம். 1995இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பின் சான்றிதழ் பரவலாக மதிக்கப்படுகிறது; அதன் முதல் நிலைக்கு 100 மணி நேரமும், அடுத்ததற்கு 500 மணி நேரமும், உயர்நிலைக்கு 2,500 மணி நேரமும் பயிற்சியளித்த அனுபவம் கேட்கிறார்கள்.

தொடங்குவதற்கு முன் நீயும் உன் மேலாளரும் பயிற்றுநரும் மூவருமாக உட்கார்ந்து, எதை எட்ட வேண்டும் என்பதையும், நீ பேசுவதில் எது நிறுவனத்துக்குப் போகும், எது போகாது என்பதையும் எழுத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். பணம் கொடுப்பது நிறுவனம் என்பதால் இது தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ மனம் திறந்து பேச மாட்டாய். அது முடிந்ததும், அந்த மூத்தவரின் விஷயத்தையே முதல் சந்திப்பில் எடு. என்ன பேசினீர்கள் என்பதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூத்தவரிடம் போய்ப் பேசினாயா என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா