கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபார முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாருக்கு வணக்கம்.

அடுத்த மாத விற்பனையை இன்றே சொல்லும் மென்பொருள் என்று பலர் இப்போது உங்கள் கடைப்படி ஏறுகிறார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புள்ளிவிபரவியல் படிப்பித்துப் பிழைப்பவன் நான். அப்படிச் சொன்னால் என் சோற்றில் நானே மண் போட்டதாகிவிடும். ஆனால் உங்கள் ஏட்டில் இருப்பது விற்றது மட்டும்தான். கேட்டது அதில் இல்லை.

2022ஐ எடுங்கள். பால்மா வராத நாட்களில் ஏட்டில் அதற்கு நேரே பூச்சியம். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய சில்லறைக் கடைக்காரர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மொடல், அதாவது மென்பொருளுக்குள் இருக்கும் கணிப்பு முறை, அந்தப் பூச்சியத்தைப் பார்த்து, யாருக்கும் பால்மா தேவைப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்த ஓடரைக் குறைக்கச் சொல்லும். குறைத்து இறக்குவீர்கள், சீக்கிரம் முடிந்துவிடும், ஏட்டில் மறுபடி பூச்சியம் விழும். பிறகு இன்னும் குறைக்கச் சொல்லும்!

அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். ரூபாய்க் கணக்கைக் கொடுத்தால் வியாபாரம் பெருகியதாகவே மொடல் நம்பும். மூட்டைக் கணக்கைக் கொடுங்கள்.

பண்டிகைகள் வேறு. 2022இல் ரமழான் நோன்பும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே ஏப்ரலில் வந்தன. 2026இல் நோன்பின் தொடக்கம் பெப்ரவரி. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2025இல் ஒக்டோபர் 20. பழைய விற்பனையை வைத்து அடுத்ததைக் கணிக்க ஹோல்ட், வின்டர்ஸ் என்ற இருவர் 1957, 1960இல் எழுதிய முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. (செயற்கை நுண்ணறிவு என்று விலை பேசுவதன் அடியில் அதுவே கிடந்தாலும் நான் வியக்கமாட்டேன்.) ஆனால் அது பருவத்தை மாதத்தோடு கட்டிவைக்கும். நோன்புக்கு ஏறும் பேரீச்சம்பழ விற்பனையைப் பழைய ஏப்ரலிலேயே தேடிக்கொண்டிருக்கும். பண்டிகைத் திகதிகளைத் தனியாகக் கொடுத்தால்தான் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? வட்ஸ்அப்பில் வரும் ஓடரில் 20 மூட்டை கேட்டு 12தான் கொடுத்தீர்கள் என்றால், இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். சரக்கு முடிந்த திகதியையும் குறிக்கச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை முணுமுணுப்பார், பரவாயில்லை. அப்புறம், மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சரக்கில்லாத நாளையும் ஆள் வராத நாளையும் உங்கள் மொடல் எப்படிப் பிரித்தறியும்? பதில் வரும்வரை காசோலையில் கையெழுத்து வேண்டாம்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு புள்ளிவிபரவியல் ஆசிரியர்