தேரூர், முப்பந்தல், வலம்புரிவிளை: எங்கள் நன்றி

அன்புடையீர்,

குமரி மாவட்டத்தில் மீத்தேன் எங்கெல்லாம் கிளம்புகிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேடிய எங்கள் மாணவர் ஆய்வு முடிந்தது. அறிக்கையின் நன்றிப் பக்கம் வழிகாட்டி, துறைத்தலைவர் பெயர்களோடு நிரம்பிவிட்டது. அதனால் இந்த மடல்.

சூரிய ஒளியில் 2.3 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை மீத்தேன் விழுங்கும். அந்தக் குறைவைத்தான் 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி என்ற செயற்கைக்கோள் அளக்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு கட்டமே தரையில் சுமார் 5.5க்கு 7 கிலோமீட்டர். சென்டினல்-2 என்ற இன்னொரு செயற்கைக்கோள் இன்னும் நுணுக்கமாக, 20 மீட்டர் அளவில் பார்க்கும். ஆனால் மணிக்கு டன் கணக்கில் கசிந்தால்தான் அதற்குப் பிடிபடும்.

போதாக்குறைக்கு நம்மூர் மேகம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டமாயிற்றே! கன்னிப்பூ நெல் பருவமோ கும்பப்பூ நெல் பருவமோ, வயலில் தண்ணீர் கட்டி மீத்தேன் ஊறும் நாட்களில்தான் வானம் மூடிக் கிடக்கிறது. வெளுக்கும்போது பார்த்தால், அறுப்புக்காகத் தண்ணீரை வடித்திருப்பார்கள்.

கிடைத்த சில தெளிவான படங்களிலும் ஒரு சிக்கல். ஈரமண்ணும் அதே கதிரை விழுங்குவதால் மீத்தேன் போலவே ஏமாற்றும். தேரூர் ஏலா (வயல்வெளி) அண்ணாச்சிமாரே, எந்த வயலில் என்று தண்ணீர் கட்டினீர்கள், என்று வடித்தீர்கள் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் நாங்கள் ஈரத்தையே வாயு என்று எழுதியிருப்போம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் விட்டால் மீத்தேன் குறையும் என்று விளக்க வந்த எங்களிடம், "கடைமடையில அது தன்னால நடக்குல்லா மக்கா" என்றார் ஒருவர். அதையும் அறிக்கையில் சேர்த்திருக்கிறோம்.

முப்பந்தல் காற்றாலை அண்ணனுக்கும் நன்றி. காற்றின் வேகம் தெரியாமல், மணிக்கு எத்தனை கிலோ வாயு வெளியாகிறது என்று கணக்கிட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் போக்கை அவர் விளக்கிய பிறகுதான் கணினி தரும் வேகத்தை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று புரிந்தது.

வலம்புரிவிளை உரக்கிடங்கு அக்காமார் பழைய குப்பை எது, புதியது எது என்று கூடவே நடந்து காட்டினார்கள். காற்றுப் புகாமல் அமுங்கிய குப்பையில்தானே மீத்தேன் உண்டாகும். படத்தில் அங்கே எதுவும் பிடிபடவில்லை. அதற்காக அங்கே மீத்தேன் இல்லை என்று ஆகாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

காசு வாங்காமல் படம் தரும் ஐரோப்பிய விண்வெளி முகமைக்கும் நன்றி. அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும்.

அடுத்த நடவுக்கு முன் அறிக்கையின் தமிழ்ப் பிரதியோடு தேரூர் வருகிறோம். வரைபடத்தில் வயல் வரப்பு மாறியிருந்தால் பேனாவால் திருத்திக் கொடுங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக்குழு மாணவர்கள்,
நாகர்கோவில்