தொண்ணூறாம் நாள்

அண்ணா,

நாளையோடு தொண்ணூறு நாள். "மூணு மாசம் கொடு, மாத்திரை இல்லாமலே சர்க்கரையை இறக்கிக் காட்டுறேன்" என்று நீயே வைத்த கெடு. இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், நான் என்ன செய்ய? உன் எச்பிஏ1சி எண்ணை, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை, எழுதமாட்டேன். ஏழரைக்கு மேல், ஒன்பதுக்குக் கீழே. அது போதும்.

நாளைக் காலை லேபுக்குப் போ. மூன்று நாள் ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு வெறும் வயிற்றில் பார்க்கிற ஃபாஸ்டிங் சர்க்கரையை 126-க்குக் கீழே காட்டிவிடலாம். எச்பிஏ1சி-யிடம் அந்த வேலை நடக்காது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரைதான் கணக்கு. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல். இரும்புச்சத்துக் குறைவிருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கிற ரத்தத்துக்கு, முதல் வாய் வைத்த நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவியதிலிருந்து எண்ணாதே.

பாக்குவெட்டி நினைவிருக்கிறதா?

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ஆயிரம் மில்லிகிராம் எஸ்ஆர் மாத்திரை. அப்பா அதைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கி, பாதியை வாயில் போட்டு, மீதியை மறுநாளைக்கென்று வெற்றிலைப் பெட்டியில் வைத்தார். அதுவும் காலையில், வெறும் வயிற்றில். எஸ்ஆர் என்றால் மருந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி கட்டிய மாத்திரை. நொறுக்கினாலோ மென்றாலோ அந்தக் கட்டு உடைந்து, மருந்து மொத்தமாக இறங்கும். வயிறு போகாமல் என்ன செய்யும்? ஒரே வாரத்தில் "ஒத்துக்கலை" என்று நிறுத்தினார். "நல்லதாப் போச்சு, கிட்னியாவது பிழைக்கும்" என்றாய் நீ. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். மருந்துச் சீட்டு பார்த்தே பிழைக்கிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் உன்னை எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாருக்குப் பழக்கம் இருந்தது? அதற்குப் பிறகு நடந்தது இங்கே வேண்டாம். அண்ணி வீட்டாரும் படிப்பார்கள்.

அந்தக் கிட்னி வசனத்தை இப்போது உனக்கே சொல்லிக்கொள்கிறாய். கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்கில் ஏறியே இருக்கிற சர்க்கரை. மெட்ஃபார்மின் கிட்னி வழியாக வெளியேறுகிறது, அதனால்தான் கொடுக்கும் முன் கிரியேட்டினின் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று ஒரு வரி இருக்கும், கிட்னி வடிகட்டும் வேகம் அது. 30-க்குக் கீழே என்றால் இந்த மாத்திரையே கிடையாது. 30-க்கும் 45-க்கும் நடுவில் புதிதாகத் தொடங்கமாட்டார்கள். உன்னுடையது 90-க்கு மேல். பார்க் வாசலில் வாங்கிக் குடிக்கிற அருகம்புல் சாற்றுக்கு யாரிடம் கிரியேட்டினின் காட்டினாய்?

எரிச்சலில் எழுதிவிட்டேன். நீ சொல்வதில் பாதி உண்மை என்றும் எனக்குத் தெரியும். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, டைரெக்ட் என்று பெயர். நோய் கண்டு ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், நாளுக்கு எண்ணூற்றுச் சொச்சம் கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமலே எச்பிஏ1சி ஆறரைக்குக் கீழ். பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களில் 86 சதவீதம். நீ இறக்கியது இரண்டு கிலோ. பெல்ட் ஓட்டையைப் பார்த்தேன். அந்த இரண்டு கிலோவுக்காக விடியற்காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்ததையும் பார்த்தேன். கண் கலங்கியது, சொல்லவில்லை. ஆனால் இட்லிக்குப் பதில் நீ டம்ளர் டம்ளராகக் குடிக்கிற ராகிக் கஞ்சி உன்னைக் காப்பாற்றாது. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென ஏறும்.

நம் ஊரிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-இல் வந்தது. சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்களுக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4. அந்த வாசற்படியை நீ தாண்டிவிட்டாய்.

தொடங்குவதென்றால் இப்படித்தான் பெரும்பாலும் எழுதுவார்கள்: 500 மில்லிகிராம் எஸ்ஆர் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டோடு. ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, வயிறு ஏற்றுக்கொண்டால் இன்னொன்று. குமட்டல், வாயில் உலோக ருசி, இரண்டு தடவை கூடுதலாகப் போவது எல்லாம் வரலாம், பலருக்கு அடங்கிவிடும். மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததுபோல் தெரிந்தால் பயப்படாதே, வெறும் கூடு அது. வாந்திபேதியில் உடம்பு வற்றிப்போன நாளில் டாக்டரைக் கேட்டு நிறுத்திவை. சாயம் ஏற்றி சிடி எடுப்பதென்றால் முன்கூட்டியே சொல். வருஷம் ஒரு தரம் வைட்டமின் பி12 பார். நீ சுத்த சைவம். அது குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நீ சர்க்கரைமேல் பழி போடுவாய்.

அத்திம்பேர் கொடுத்த மாத்திரைப் பட்டையைத் தூரப் போடு. அதில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்கிற இன்னொரு சர்க்கரை மருந்தும் இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாக லோ சுகரை வரவழைப்பது அபூர்வம், கிளிமிபிரைடு வரவழைக்கும். ஏகாதசி விரதமிருக்கிற நீ அதைப் போட்டால் பூஜையறையிலேயே வியர்த்து நடுங்கி விழுவாய். அப்படி ஆனால் சர்க்கரை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடி, பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பார்.

"ஆரம்பிச்சா ஆயுசுக்கும்" என்று பயம். எடை இறங்கி எண்ணும் இறங்கினால் டாக்டரே குறைப்பார், நிறுத்தவும் செய்வார். கண் விழித்திரையையும் சிறுநீர் ஆல்புமினையும் மட்டும் மாத்திரை முடிவுக்காகக் காத்திருக்க வைக்காதே. நோய் தெரிந்த அன்றே பார்த்திருக்க வேண்டியவை.

எண் ஆறரைக்குக் கீழே வந்திருந்தால் வாயை மூடிக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தையும் எடுத்துவிடுகிறேன். ஏழுக்குள் இருந்தால் நீயும் டாக்டரும் பேசிக்கொள்ளுங்கள். ஏழைத் தாண்டியிருந்தால் நாளை ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன், டாக்டர் சீட்டையும் மெட்ஃபார்மின் பட்டையையும் எடுத்து வை. பாக்குவெட்டி என்னிடம்தான் இருக்கிறது.