படத்தில் இல்லாத அக்காவுக்கு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சைக்கிள் தினத்தை ஒட்டி எங்கள் புதுக்கோட்டையில் நடந்த பேரணியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. கொடியசைத்தவர்கள், பனியன் வழங்கியவர்கள் எல்லாருடைய பெயரும் செய்தியில் இருந்தது. இந்த ஊரில் சைக்கிள்காரர்களுக்காகப் பேச ஒரு குழு உருவாகக் காரணமானவர் மட்டும் எதிலும் இல்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பெயரைப் போட்டால் என்னிடம் சண்டைக்கு வருவார். அக்கா என்றே எழுதுகிறேன்.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டதை உங்கள் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு ஊர் ஊராகப் போய், பயந்து நடுங்கும் பெண்ணைச் சீட்டில் உட்காரவைத்து, கேரியரைப் பிடித்தபடி கூடவே ஓடியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அக்கா அவர்களில் ஒருவர். வழியில் கேலி பேசிய ஆண்களுக்குப் பதில் சொன்னதும் அவர்கள்தான். என் அம்மா ஓட்டப் பழகியது அக்காவிடம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள்; முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் நான்.

பிறகு அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் வந்தது. இன்று பதினோராம் வகுப்புப் பெண் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரச்சினை, அவள் போகிற சாலையில் அவளுக்கு இடமில்லை என்பது.

குழு தொடங்கலாம் என்று கூடியபோது வந்தவர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள். தனிப்பாதை வேண்டும் என்று அழகாக ஒரு கோரிக்கை தயாராகியிருந்தது. அக்கா வாசித்துவிட்டு, “இதுல கல்லு உடைக்கப் போறவங்க எங்கப்பா? பூக்கட்டிக் கொண்டாறவங்க எங்க?” என்று கேட்டார். அதன்பிறகு விடிகாலையில் ஊருக்குள் நுழையும் சாலைகளில் நின்று, சைக்கிளில் வருகிறவர்களிடம் எங்கே விழுந்தீர்கள், எங்கே பயம் என்று விசாரிக்கிற வேலையைத் தொடங்கிவைத்தார்.

வந்த பதில்களில் தனிப்பாதை அதிகம் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலையின் ஓரம் அரையடி உயர்ந்து நிற்கிறது; பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டும், இறங்கினால் மறுபடி ஏற முடியாது, சக்கரம் விளிம்பில் வழுக்கும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருப்பதால் டயர் உள்ளே இறங்கிவிடுகிறது. வரிசையாகப் போட்ட பட்டை வேகத்தடைகளில் பின்னால் கட்டிய பால்கேன் குலுங்கிச் சரிகிறது. கார் ஓட்டுகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. மூடியைத் திருப்பிப் போடவோ, கம்பியைக் குறுக்கே வைத்துப் பற்றவைக்கவோ எவ்வளவு செலவாகிவிடும்? அதற்குத்தான் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்கிறோம். ஓர் அலுவலகத்தில் இது எங்கள் சாலை இல்லை என்கிறார்கள், அவர்கள் கைகாட்டிய அலுவலகத்திலும் அதே பதில். அக்கா கோபப்படுவதில்லை. இருவரும் சொன்னதை எழுத்தில் வாங்கி அடுத்த மனுவோடு இணைக்கிறார். கோபப்பட எனக்கு ஆசைதான், ஆனால் அவர் முறையில்தான் சில மூடிகள் மாறியிருக்கின்றன.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதசாரிகளுக்கும் இயந்திரமில்லா வண்டிகளுக்குமான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர். அந்த உத்தரவின் நகலை மனுவின் மேல் வைத்துக் கொடுக்கச் சொன்னதும் அக்காதான். மேசைக்கு எதிரே உட்காரச் சொல்லும் வழக்கம் அதன்பிறகுதான் வந்தது!

குழு மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலையில் கூடுகிறது. ஞாயிறு காலை வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகிற பெண்கள் துணி துவைப்பது அன்றைக்குத்தான். உங்கள் நிருபர் ஒருமுறை வந்தால், எந்தெந்த மூடி, எந்தெந்த விளிம்பு என்று நேரில் கூட்டிப்போய்க் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை