ஆல்டர்னேட்டர் சரி, ஒயர் என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன் பழைய காரில் இரவில் ஹெட்லைட் மங்குகிறது என்று கேட்டிருந்தார். 'கூடுதல் ஆம்பியர் உள்ள ஆல்டர்னேட்டராக மாற்றிவிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். இன்ஜின் ஓட்டத்தில் கரன்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர், அதனால் பதில் தப்பில்லை. ஆனால் நானும் ஆல்டர்னேட்டரை மாற்றியதோடு நிறுத்தியதால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் என் வண்டியை நானே கொளுத்தப் பார்த்தேன்.

என்னுடையது 1978 மார்க் 3 அம்பாசடர், அப்பா வாங்கியது. கும்பகோணம் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறேன். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து டைனமோதான் அதில் கரன்ட் தயாரித்தது. அதற்கு எமன் இந்த மாப்பிள்ளை அழைப்புதான். நாகஸ்வரக்காரர் நின்று நின்று வாசிக்க, வண்டி ஒரு மணி நேரம் பின்னால் ஊரும். ஹெட்லைட் எரியும், பானெட் மேல் சீரியல் லைட், பட்டு வேட்டியில் வேர்த்துக் கொட்டும் மாப்பிள்ளைக்கு ஏ.சி. (நான் பிற்பாடு மாட்டியது). அந்த டைனமோ நல்ல ஓட்டத்திலேயே 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. ஹெட்லைட் இரண்டுக்கே சுமார் 10 ஆம்பியர் வேண்டும், ஏ.சி.யின் ப்ளோயரும் ஃபேனும் இன்னொரு 20 கேட்கும். எல்லாம் பேட்டரி தலையில். மண்டப வாசலில் இன்ஜினை நிறுத்தினால், அப்புறம் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள்தான் தள்ள வேண்டும்.

ஆகவே ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டு 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டினேன். பிராக்கெட் வெல்டிங், புது பெல்ட், பழைய கட்-அவுட் பெட்டியை (டைனமோவை பேட்டரியோடு இணைத்துப் பிரிப்பது) பைபாஸ் செய்தது எல்லாம் சுத்தமான வேலை. டைனமோவுக்குப் போன அதே பழைய ஒயரை மட்டும் கழற்றி ஆல்டர்னேட்டரில் முடுக்கிவிட்டார். இரண்டு கல்யாணம் நன்றாகப் போனது. மூன்றாவதில், கடைத்தெரு முனை திரும்பும்போது ரப்பர் கருகும் வாசனை. சாம்பிராணி என்று நினைத்தேன். டேஷ்போர்டிலிருந்து புகை வந்ததும் மாப்பிள்ளை மாலையோடு குதித்துவிட்டார். மேளம் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். அப்பா ஆசையாக மாட்டிய, 30 ஆம்பியர் வரை கரன்ட் காட்டும் மீட்டரின் பின்பக்கம் ஒரு நட்டு லூஸ். அதில் செருகிய ஒயரின் இன்சுலேஷன் உருகி, பக்கத்து ஒயரோடு பாகு மாதிரி ஒட்டியிருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கரன்ட் டேஷ்போர்டுக்குள் ஏறி, அந்த மீட்டர் வழியாக இறங்கித்தான் பேட்டரிக்குப் போகிறது. ஏ.சி. லைனை வேறு நேரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தோம். அந்தச் சுமையும் இதே சுற்றுவழியில். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், மூன்று மீட்டர் நீளம், 40 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 0.8 வோல்ட் வழியிலேயே காலி. முப்பது வாட்டுக்கு மேல் சூடு. சால்டரிங் அயர்னை ஒயர் கட்டுக்குள் செருகி வைத்த மாதிரி. டைனமோ காலத்தில் இவ்வளவு கரன்ட் அதில் ஓடியதே இல்லை, அதனால் தப்பித்தது.

இந்தத் தடவை நானே உட்கார்ந்து செய்தேன். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக பேட்டரி பாசிட்டிவுக்கு 16 ஸ்கொயர் எம்.எம். ஒயர், சைலன்ஸர் பக்கம் போகாமல், ஸ்லீவ் போட்டு. இரு முனையிலும் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து கிரிம்ப் செய்தேன் (அழுத்தி இறுக்கினேன்), வெறுமனே முறுக்கவில்லை. பேட்டரியை ஒட்டி 80 ஆம்பியர் ஃபியூஸ். ஒயர் எங்காவது பாடியில் உரசினால் பேட்டரி தன் கரன்ட்டை மொத்தமாக அதில் கொட்டிவிடும், ஆகவே ஃபியூஸ் அந்த முனையில்தான் வேண்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே புது எர்த் பட்டை. ஹெட்லைட் கரன்ட் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகாமல் இருக்க ஒரு ரிலே. அப்பாவின் மீட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் வோல்ட் மீட்டர் வைத்தேன். கொஞ்சம் வருத்தம்தான். இப்போது ஊர்வலத்தில் எல்லாம் ஓடும்போதும் 13.4 காட்டுகிறது, முன்பு 11.8க்கு இறங்கும். ஒயர், லக், ஃபியூஸ், ரிலே எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் தாண்டவில்லை.

பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் பல்பு போய்விடும், பேட்டரி கொதிக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் வோல்டேஜை 14 வோல்ட் சுற்றி நிறுத்தி வைத்திருக்கும்வரை, பல்பு தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் எடுக்கும். இன்னொரு பழக்கம்தான் நிஜமாகவே ஆபத்து: சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றுவது. டைனமோ பொறுத்துக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் எகிறி, உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போய்விடும். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது (அதுதான் எர்த்) என்று பாருங்கள். சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் அந்த நிமிடமே டயோடு காலி.

அந்த வாசகருக்கு ஒயர் சைஸையும் ஃபியூஸையும் சேர்த்து அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். அவர் இதற்குள் கடைக்குப் போயிருப்பார்.

என் பெயர் வேண்டாம். அந்த எலக்ட்ரீஷியனிடம்தான் இன்னும் டீ குடிக்கிறேன்.

- ஒரு அம்பாசடர்காரர், கும்பகோணம்